அம்மாவின் ஆக்சிஜன் மெஷினுக்கு எந்தப் பேட்டரி?

கடிதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர், சாட்ஸ்வர்த்திலிருந்து 54 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்தபடியே சில சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார். 81 வயது அம்மா அவரோடு இருக்கிறார். அம்மாவுக்கு நுரையீரல் நோய். இரவு முழுக்க, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், ஓட வேண்டும். மருத்துவர் சொன்ன அளவு நிமிடத்துக்கு 2 லிட்டர்.

லோட் ஷெட்டிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) முன்புபோல் இல்லை. ஆனால் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் பழுது என்று மாதத்தில் இரண்டு மூன்று தடவை கரண்ட் போகிறது. போன மாதம் இரவு 11 மணிக்குப் போனது, விடியற்காலை 4 மணிக்குத்தான் வந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த பயம் இன்னும் போகவில்லை என்கிறார்.

வீட்டில் இரண்டு யோசனைகள் ஓடுகின்றன. அக்கா வீட்டுக்காரர் சொல்வது இது: செல்போன் கோபுரத்தில் இருந்த பழைய 12 வோல்ட், 100 ஆம்ப்-மணி லெட் ஆசிட் பேட்டரிகள் இரண்டு மலிவாகக் கிடைக்கின்றன, 1,000 வாட் இன்வெர்ட்டர் ஒன்றோடு சேர்த்து சாமி அறையில் வைத்துவிடலாம். இரண்டு முனையிலும் பிளக் போட்ட ஒயரால் அதைச் சமையலறை பிளக்கில் செருகி மெயினை இறக்கிவிட்டால் வீடு முழுக்க எரியும், மெஷின் ஏழு மணி நேரம் ஓடும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது வேறு: 5 கிலோவாட் ஹைபிரிட் (தெருக் கரண்ட், பேட்டரி, சோலார் மூன்றோடும் சேர்ந்து ஓடும்) இன்வெர்ட்டரும் 5.12 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரியும் போடுங்கள் என்று 82,000 ரேண்டுக்கு ஒரு கோட்டேஷன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வாசகி கையில் இருப்பது 40,000 ரேண்ட். மீதிக்கு வங்கிக் கடன். அத்தான் யோசனை போதுமா, கடன் வாங்கலாமா, வரிச் சலுகை கிடைக்குமா, இன்சூரன்ஸ் தகராறு வருமா என்பவை அவர் கேள்விகள்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. உயிர் சம்பந்தப்பட்டது முதலில், பணம் அதற்குப் பிறகு.

அம்மாவுக்குக் கடைசிக் காவல் பேட்டரி அல்ல, ஆக்சிஜன் சிலிண்டர். எத்தனை விலை கொடுத்து வாங்கிய இன்வெர்ட்டரும் ஒரு நாள் பிழைக்குறி காட்டி நின்றுபோகும்; கரண்ட் இருக்கும்போதே மெஷின் பழுதாகலாம். சிலிண்டருக்கு எந்தக் கரண்டும் வேண்டாம். மெஷின் கொடுத்தவர்களிடமோ மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீட்டிடமோ காப்புச் சிலிண்டரும் ரெகுலேட்டரும் கேளுங்கள். மருத்துவர் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கேட்டால் பேச்சு சுருங்கும். எத்தனை மணி நேரம் வரும் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம்: உள்ளே இருக்கும் வாயுவின் லிட்டரை நிமிட அளவால் வகுக்க வேண்டியதுதான். 1,700 லிட்டர் வாயு இருந்தால், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 850 நிமிடம், அதாவது 14 மணி நேரம். சிலிண்டர் சாய்ந்து விழாதபடி சுவரோடு கட்டி வையுங்கள். குழாயை மெஷினிலிருந்து சிலிண்டருக்கு மாற்றுவதை வீட்டில் இரண்டு பேராவது பகல் வெளிச்சத்தில் செய்து பழக வேண்டும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. கரண்ட் இல்லாத பதற்றத்தில் யாரும் அந்தத் திருகைத் தொடக்கூடாது.

இன்னொன்று, இன்றைக்கே பார்க்க வேண்டியது. கரண்ட் போனதும் மெஷின் சத்தம் போட்டு எழுப்ப வேண்டும். பகலில், அம்மா அதைப் போடாத நேரத்தில், ஓடுகிற மெஷினின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். சில மாடல்களில் இந்த அலாரத்துக்கென்று தனியாக 9 வோல்ட் பேட்டரி இருக்கும். அது வருஷக்கணக்கில் மாற்றப்படாமல் செத்துக் கிடக்கும். நீங்கள் அசந்து தூங்கும்போது அலாரம் ஊமையாக இருந்தால், கீழே சொல்லப்போவது எதுவும் உதவாது.

அந்த இரண்டு பிளக் ஒயர்

அத்தான் உங்கள்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஒன்றில் மட்டும் மரியாதைக்காகக்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த ஒயர் உங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது.

சாதாரண பிளக்கின் முள்ளைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. கரண்ட் சுவருக்குள் இருக்கிறது. இந்த ஒயரில் நிலைமை தலைகீழ். ஒரு முனை இன்வெர்ட்டரில் இருக்க, மறுமுனை சுவரிலிருந்து கழன்று வந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளை முள்ளில் 230 வோல்ட் நிற்கும். இருட்டில் தடவுகிற கை அதைத்தான் முதலில் பிடிக்கும்.

மெயினை இறக்க மறந்துபோகும் இரவு என்று ஒன்று எந்த வீட்டிலும் வரும். அன்று உங்கள் பேட்டரியின் கரண்ட் தெருவுக்குப் போகும். பெரும்பாலும் அக்கம்பக்கத்து வீடுகளின் லோடு தாங்காமல் இன்வெர்ட்டர் அணைந்துவிடும். ஆனால் உங்கள் தெருவின் கேபிள் பக்கத்திலேயே அறுந்திருந்தால் இழுக்க லோடே இல்லை, இன்வெர்ட்டர் அணையாது. செத்த கேபிள் என்று நினைத்து அதில் கை வைக்கும் தொழிலாளியின் விரல் நுனிவரை உங்கள் சமையலறைக் கரண்ட் போய்ச் சேரும். வழியில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் 230 வோல்ட் அங்கே 11,000 வோல்ட்டாக ஏறும். அது நடக்காமல் தப்பித்தாலும், தெருக் கரண்ட் திரும்பி வரும் கணத்தில் இரண்டு கரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் மோதி இன்வெர்ட்டர் வெடிக்கும், தீப்பிடிக்கவும் கூடும். உங்களுடையது பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடு என்கிறீர்கள். தீ உங்கள் சுவரோடு நிற்காது.

சட்டப்படியும் பொறுப்பு அத்தான்மேல் விழாது. 2009ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிமுறைகளின்படி, வீட்டு வயரிங் பாதுகாப்பாக இருப்பதற்குப் பொறுப்பு அதைப் பயன்படுத்துபவர் அல்லது வாடகைக்கு விடுபவர். சொந்த வீட்டில் குடியிருக்கும் உங்களைத்தான் கேட்பார்கள்.

ஏழு மணி நேரம் எப்படி இரண்டரை ஆகிறது

அத்தான் போட்ட கணக்கு எனக்குப் புரிகிறது. 12 வோல்ட்டை 200 ஆம்ப்-மணியால் பெருக்கினால் 2,400 வாட்-மணி. மெஷின் 350 வாட். வகுத்தால் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெருக்கல் வகுத்தலில் பிழையில்லை. பேட்டரி அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது, அதுதான் சிக்கல்.

பேட்டரிமேல் எழுதியிருக்கும் 100 ஆம்ப்-மணி என்பது 20 மணி நேரம், 5 ஆம்ப் அளவில் மெதுவாக இழுத்தால் கிடைப்பது. உங்கள் மெஷின் இன்வெர்ட்டர் வழியாக 12 வோல்ட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆம்ப் இழுக்கும். இரண்டு பேட்டரி என்றால் ஒவ்வொன்றுக்கும் பதினாறு பதினேழு. வேகமாக இழுத்தால் லெட் ஆசிட் பேட்டரி முழுதாகக் கொடுக்காது. ஏறக்குறைய 85 சதவீதம்தான் வரும்: 2,040. அதிலும் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும்: 1,020. இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 15 சதவீதத்தைச் சூடாக்கித் தின்னும்: 867. இதை 350ஆல் வகுத்தால் இரண்டரை மணி நேரம். இது புத்தம் புதுப் பேட்டரிக்கு. கோபுரத்திலிருந்து கழற்றிய பழசு பாதித் திறனோடு இருந்தால் ஒன்றேகால் மணி. உங்களுக்குப் போன மாதம் வேண்டியிருந்தது ஐந்து மணி.

பழைய பேட்டரியில் மீட்டர் 12.7 வோல்ட் காட்டினால் முழுதாக இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். அது மேற்பரப்பு மட்டம்தான். கிணறு எவ்வளவு தூர்ந்திருக்கிறது என்று அது சொல்லாது. 12 வோல்ட், 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டி எரிய விடுங்கள். நல்ல 100 ஆம்ப்-மணி பேட்டரி பத்து மணி நேரம் எரித்த பிறகும், பல்பைக் கழற்றி ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தால் 12.2 வோல்ட் பக்கம் நிற்கும். மூன்று மணி நேரத்திலேயே அங்கே வந்துவிட்டால் அது காயலான் கடைக்கு. 2022, 2023இல் சக்கரம் வைத்த பெட்டியில் பேட்டரியோடு வரும் டிராலி இன்வெர்ட்டர் வாங்கிய எத்தனையோ வீடுகளில் பேட்டரி ஒரு வருஷம்கூடத் தாங்காததற்கும் காரணம் இந்த இரசாயனம்தான். லெட் ஆசிட் முழுதாக நிரம்ப எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். ஒரு நாளில் மூன்று தடவை லோட் ஷெட்டிங் என்றால் அது நிரம்பவே நிரம்பாது. அரைகுறையாகவே கிடக்கும் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். டர்பன் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி சூட்டுக்கும் இவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள பொதுக் கணக்கு.

கோபுரத்துப் பேட்டரி என்றால் எப்படி வந்தது என்றும் கேளுங்கள். இந்த நாட்டில் செல்போன் கோபுரங்களிலிருந்து பேட்டரி திருட்டு சாதாரணமாக நடப்பது. விற்பவருக்குச் சொந்தமானது என்று நம்ப நியாயமான காரணம் இல்லாமல் திருட்டுப் பொருளை வாங்குவது 1955ஆம் ஆண்டின் 62ஆம் எண் பொதுச் சட்டத் திருத்தச் சட்டம், பிரிவு 37இன்படி குற்றம். ரசீது இல்லாத மலிவுக்கு இந்த விலையும் சேர்ந்திருக்கிறது.

சாமி அறை வேண்டாம்

லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவிடும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பொறி பட்டால் வெடிக்கும். மூடிய ஜெல் பேட்டரியும் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனால் வால்வு வழியாக வாயுவை விடும். அணையா விளக்கும் சூடமும் உள்ள சின்ன அறையில் அதை வைப்பதைவிட மோசமான இடம் வீட்டில் இல்லை. அதே காரணத்தால் அம்மாவின் மெஷினும் குழாயும்கூட விளக்கிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஆக்சிஜன் தானாக எரியாது; ஆனால் அது படிந்த சேலையும் தலையணையும் நொடியில் பற்றும். அம்மா ஆக்சிஜன் போட்டுக்கொண்டே விளக்கேற்றும் வழக்கம் இருந்தால், குழாயைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் பொறுத்து ஏற்றச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் ஏற்றுங்கள்.

உங்கள் கையிருப்புக்குள் நான் சொல்வது

இப்போதைக்குக் கடன் வேண்டாம். வீட்டு வயரிங்கைத் தொடாமல், தனியே நிற்கும் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் ஒன்று வாங்குங்கள்: 2,000 வாட்-மணி அளவு, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் உள்ளது. இன்வெர்ட்டர், சார்ஜர், பேட்டரி மூன்றும் ஒரே பெட்டிக்குள். பெட்டியின் பிளக்கைச் சுவரில் செருகி, மெஷினின் பிளக்கைப் பெட்டியில் செருகினால் வேலை முடிந்தது. வீட்டு வயரிங்கில் எதுவும் மாறாததால் எலக்ட்ரிஷியன் சான்றிதழும் தேவையில்லை. அம்மாவை அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனாலும், கேரவனில் கடற்கரைக்குப் போனாலும் கூடவே தூக்கிப் போகலாம்.

இதன் கணக்கு: 2,048 வாட்-மணிப் பெட்டியில் மெஷினுக்கு வந்து சேர்வது சுமார் 85 சதவீதம், 1,740. 350 வாட்டுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். போன மாத இரவுக்கு மயிரிழையில் எட்டும், அவ்வளவுதான். ஆகவே பின்னால் கூடுதல் பேட்டரி சேர்க்கும் வசதி உள்ள மாடலாகப் பாருங்கள். வாங்கும் முன் ஒரு பிளக் வாட்மீட்டரை மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து ஓர் இரவு ஓட விடுங்கள். உண்மையில் 280 வாட்தான் இழுக்கிறது என்றால் உங்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். நான் 350 என்று போட்டது, 5 லிட்டர் வகை மெஷின்களில் பலவும் அந்த அளவில் இருப்பதால். உங்கள் மெஷினின் சொந்த எண்ணை நம்புங்கள்.

கடையில் நான்கு விஷயம் கேளுங்கள். ஒன்று, வெளிவரும் கரண்ட் 'ப்யூர் சைன் வேவ்' (தெருக் கரண்ட்போல் சீரான அலை) தானா. மலிவு இன்வெர்ட்டர்களின் 'மாடிஃபைட்' அலையில் மெஷினின் கம்ப்ரஸர் மோட்டார் முனகும், சூடேறும், சீக்கிரம் சாகும். இரண்டு, தொடர்ச்சியாக எத்தனை வாட், தொடங்கும் கணத்தில் எத்தனை வாட். மோட்டார் கிளம்பும்போது ஓடும் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். ஆகவே 1,500 வாட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். மூன்று, சுவர்க் கரண்ட் போனதும் எத்தனை மில்லி செகண்டில் மாறும். 20க்குள் என்றால் நல்லது. 30 என்றால் கம்ப்யூட்டர் சில சமயம் அணைந்து எழும். நான்கு, வாரண்டி பழுதுபார்ப்பு இந்த நாட்டிலேயே நடக்குமா. பெட்டியைக் கடலில் ஏற்றி அனுப்பிவிட்டு இரண்டு மாதம் காத்திருக்க உங்கள் அம்மாவால் முடியாது.

பெட்டியில் இடம் இருக்கிறதே என்று கெட்டிலைச் செருகாதீர்கள். 2,000 வாட் கெட்டில் ஒரு தடவை கொதிக்க எடுப்பது அம்மாவின் அரை மணி நேரம். ஃபிரிட்ஜும் வேண்டாம், கதவைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும்.

இன்டர்நெட்டுக்கு இந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 15 வாட் பக்கம்தான். அவற்றுக்கென்று உள்ளங்கை அகல டிசி மினி யூபிஎஸ் விற்கிறார்கள். வாங்கும்போது ரவுட்டர் அடாப்டரைக் கையோடு கொண்டுபோங்கள்: 9 வோல்ட்டா 12 வோல்ட்டா, முனையின் உள்துளை 2.1 மி.மீட்டரா 2.5 மி.மீட்டரா. 2.5 முனை 2.1 ஊசியிலும் தளர்வாக உட்காரும், கை பட்டால் அறுபடும். ஃபைபர் கோளாறு என்று கம்பெனியைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். கணக்கு வேலைக்கு மேசைக் கம்ப்யூட்டரைவிட லேப்டாப் நல்லது. முன்னது திரையோடு 120 வாட் இழுக்கும். பின்னதற்குத் தன் வயிற்றிலேயே பேட்டரி.

82,000 ரேண்ட் கோட்டேஷன்

அது ஏமாற்று அல்ல. ஆனால் பாதிப் பணம் உங்களுக்குத் தேவையில்லாத இடத்தில் போகிறது. 5 கிலோவாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பது, 5.12 கிலோவாட்-மணி என்பது எவ்வளவு நேரம் இழுக்கலாம் என்பது. உங்களுக்கு வேண்டியது நேரம். பெரிய இன்வெர்ட்டர் சும்மா நிற்கும்போதே 40 முதல் 70 வாட் தின்னும். பத்து மணி நேர இரவுக்குப் பாருங்கள்: மெஷினுக்கு 3,500 வாட்-மணி, மாற்றத்தில் நஷ்டம் 350, இன்வெர்ட்டரின் சொந்தச் சாப்பாடு 500. மொத்தம் 4,350. பேட்டரியில் 90 சதவீதம் எடுத்தால் கிடைப்பது 4,600. ஒரு விளக்கும் ரவுட்டரும் சேர்த்தாலே சரியாக முடிந்துவிடும். அதை வைத்து 'வீடு முழுக்க' ஓட்டினால் நள்ளிரவுக்கு முன்பே காலி.

பின்னால் கூரையில் சோலார் தகடு போடும் எண்ணம் இருந்தால் இந்த முறை பொருந்தும். காசு சேர்த்துக்கொண்டு அப்போது செய்யுங்கள். அன்றைக்குக் கோட்டேஷனில் எழுத்தில் இருக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். இப்போது உங்கள் கையில் இருக்கும் தாளில் "இன்ஸ்டாலேஷன்" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது போதாது.

முதலாவது, இன்வெர்ட்டர் ஊட்டும் சர்க்யூட்டுகளுக்குத் தனி டிபி பெட்டி (கரண்டைப் பிரித்தனுப்பும் பெட்டி), தனி எர்த் லீக்கேஜ் (கசிவு கண்டால் கரண்டை வெட்டும் கருவி). அந்தச் சர்க்யூட்டுகளின் நியூட்ரலும் பழைய நியூட்ரல் பட்டையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். லைவ் ஒயரை மட்டும் மாற்றிவிட்டு நியூட்ரலை அப்படியே விட்டுப் போவது மிகச் சாதாரணமான தவறு; விளைவு, காரணமே தெரியாமல் எர்த் லீக்கேஜ் விழுந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, நியூட்ரல்-எர்த் இணைப்பு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் பல வீடுகளில் இதுதான் விட்டுப்போகிறது. எர்த் லீக்கேஜ் என்பது போகும் கரண்டும் வரும் கரண்டும் சமமா என்று பார்க்கும் கருவி. 30 மில்லி ஆம்ப் குறைந்தால் வெட்டிவிடும். தெருக் கரண்டில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருப்பதால், ஒருவர் உடல் வழியாகக் கசியும் கரண்ட் மண் வழியே திரும்பிப் போக வழி இருக்கிறது. கருவி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறது. தெருக் கரண்ட் துண்டித்து இன்வெர்ட்டர் தனியே ஓடும்போது அந்த இணைப்பும் துண்டித்துவிடும். அப்போது இன்வெர்ட்டர் பக்கத்தில் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கும் ரிலே வேலை செய்ய வேண்டும்; தெருக் கரண்ட் வந்ததும் விலக வேண்டும். அது இல்லாவிட்டால் உலோக உடல் கொண்ட கருவியில் கசிவு இருந்தாலும் எர்த் லீக்கேஜ் விழாது. எர்த் லீக்கேஜின் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டி "பாருங்க, விழுது" என்பார்கள். அந்தப் பட்டன் லைவையும் நியூட்ரலையும் உள்ளுக்குள்ளேயே குறுக்கே சேர்க்கிறது. எர்த்தைத் தொடுவதே இல்லை. இணைப்பு இல்லாத வீட்டிலும் அது அழகாக விழும். மெயினை இறக்கி, இன்வெர்ட்டர் மட்டும் ஓடும்போது, டெஸ்டர் கருவியைப் பிளக்கில் செருகி லைவுக்கும் எர்த்துக்கும் நடுவே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பேட்டரி பக்கத்துப் பாதுகாப்பு. 48 வோல்ட்டில் 5 கிலோவாட் என்றால் நூறு ஆம்புக்கு மேல். 35 சதுர மி.மீ. கேபிள், ஹைட்ராலிக் கருவியால் நசுக்கிய லக் (கேபிள் முனை இணைப்பான்), பேட்டரிக்கு அருகிலேயே டிசிக்கென்று செய்த ப்யூஸ். டிபி பெட்டியில் போடும் ஏசி பிரேக்கரை அங்கே மாட்டினால், பழுது வரும்போது உள்ளே பிறக்கும் நெருப்பு வில் அணையாது. ஏசி விநாடிக்கு நூறு தடவை சுழியைத் தொட்டு வில்லை அணைக்கும், டிசி தொடாது. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே தகவல் பரிமாறும் கேபிளும் மாட்டப்பட வேண்டும்.

இடம்: கராஜ் உள்சுவர், அல்லது மழையும் வெயிலும் படாத வெளிச்சுவர். கூரைக்குள் கூடாது, டர்பன் ஜனவரிச் சூட்டில் அங்கே எதுவும் நீடிக்காது. படுக்கையறையும் வெளியேறும் வழியும் கூடாது. 2022இல் தண்ணீர் ஏறிய குறி சுவரில் இருந்தால் அதற்கு மேலே.

காகிதம்: வேலை முடிந்ததும் வீட்டு வயரிங்குக்கான தேசியத் தரமான எஸ்ஏஎன்எஸ் 10142-1இன்படி இணக்கச் சான்றிதழ் உங்கள் கைக்கு வர வேண்டும். கையெழுத்திடுபவர் தொழிலாளர் துறையில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணை வேலைக்கு முன்பே வாங்கிச் சரிபாருங்கள். தெருக் கரண்டோடு இணைந்து ஓடும் இன்வெர்ட்டர் என்ஆர்எஸ் 097-2-1 தேர்வில் தேறியதாக இருக்க வேண்டும்; அதை டர்பனின் ஈதெக்வினி நகராட்சியிடம் பதிவு செய்யும் வேலை யாருடையது என்றும் கோட்டேஷனிலேயே எழுதட்டும். சான்றிதழ் கைக்கு வரும்வரை கடைசித் தவணைப் பணத்தை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வரிச் சலுகை பற்றி: வீட்டுக்காரர்களுக்கு இருந்த சலுகை புதிய சோலார் தகடுகளுக்கு மட்டும், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் கிடையாது. அதுவும் 2024 பிப்ரவரி 29ஓடு முடிந்தது. அதைக் காட்டி யாராவது விற்றால் நம்ப வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, போர்ட்டபிள் பெட்டியானாலும் சரி, ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். சுவரில் மாட்டும் முறைக்குச் சான்றிதழ் இல்லை என்றால் தீ விபத்து நஷ்டஈட்டை அவர்கள் மறுக்க அது ஒரு காரணமாகும்.

நாள்கணக்கில் போனால்

2022 வெள்ளம் போன்ற ஒன்றுக்கு எந்த வீட்டுப் பேட்டரியும் தாங்காது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, கரண்ட் இருக்கும் உறவினர் வீடு. எந்த வீடு, யார் கார் என்று இப்போதே பேசி வையுங்கள், சிலிண்டரும் பெட்டியும் கூடவே போக வேண்டும். மற்றது, சிறு பெட்ரோல் ஜெனரேட்டரால் பகலில் இரண்டு மூன்று மணி நேரம் பெட்டியைச் சார்ஜ் செய்து இரவில் ஓட்டுவது. ஜெனரேட்டர் முற்றத்தில், ஜன்னலிலிருந்து பல மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கதவு திறந்த கராஜ்கூட ஆகாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. நல்ல நுரையீரல் உள்ளவரையே அது சாய்க்கும்.

பெட்டி வந்ததும் ஒரு சனிக்கிழமை பகலில், சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டிபியில் மெயினை இறக்குங்கள். மெஷின் நிற்காமல் ஓடுகிறதா பாருங்கள். சரியாக ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டித் திரையில் சதவீதத்தைப் படியுங்கள். 100இலிருந்து 80க்கு வந்திருந்தால் ஐந்து மணி நேரம். 83 என்றால் ஆறு மணி நேரம் அளவில். அந்த எண்ணையும், "20 சதவீதம் வந்தால் சிலிண்டருக்கு மாற்று" என்ற வரியையும் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதே சோதனையைச் செய்து எண்ணைப் புதுப்பியுங்கள்.